பதினேழாம் எண் கிணறு

வெங்காயம் அரியும்போது வழிந்த கண்ணீர் காஞ்சனாவின் உதட்டில் பட்டது. அதில் உப்பே இல்லை. நாக்கால் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தாள். குடித்துவிட்டு வைத்த தண்ணீரைப்போலச் சப்பென்று, கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது. மூக்கடைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பாதி அரிந்த வெங்காயத்தோடு அரிவாள்மணையை ஒதுக்கி வைத்தாள்.

அன்று ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரத் தெருவில் விடிந்ததிலிருந்து காவடிகள் போய்க்கொண்டிருந்தன. பம்பையும் உடுக்கையும் அரோகராவும் சேர்ந்து சுவரை அதிர வைக்க, கற்பூரப் புகையும் மிதிபட்ட சாமந்தியின் வாசனையும் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தபடி இருந்தன. வீட்டுக்காரி வள்ளிநாயகி பூக்கடைக்குக் கிளம்பும்போது முன்கதவு, பின்கதவு இரண்டையும் வெளியே பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். திருவிழா என்றால் அந்தத் தெருவில் எல்லாரும் செய்வதுதான். கொல்லையில் கிணறு இருப்பது தெரிந்தால் காவடிக்காரர்கள் குளிக்க வந்துவிடுவார்கள்.

“ஜனங்க உள்ள பூந்துடுவாங்கம்மா. நான் சாயங்காலமா வந்து தொறக்கறேன்,” என்றாள்.

காஞ்சனா சரி என்றுவிட்டாள். தனியாக உட்கார்ந்து பார்க்க அவளுக்கு ஒரு தாள் இருந்தது. தேசியத் தரவுக் காப்பகத்திலிருந்து முந்தின நாள் தபாலில் வந்த கம்ப்யூட்டர் தாள்.

அவள் வேலை இதுதான். சுற்றுவட்டாரத்தில் நாற்பது கிணறுகளில் மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று பாட்டிலாகப் பிரித்து, மூன்று பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் சோடியம் பார்ப்பார், ஒருவர் பொட்டாசியம், ஒருவர் குளோரைடு. ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது. காப்பகம்தான் மூன்றையும் ஒரே வரிசையில் சேர்த்து எல்லாருக்கும் திருப்பி அனுப்பும். அப்படிச் சேர்த்து வந்த முதல் தாள் இது.

பதினேழாம் எண் கிணறு பள்ளிப்பட்டுக்கும் அப்பால். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு, இந்த ஒரு தரம்தானே என்று கொல்லைக் கிணற்றிலிருந்து மொண்டு பதினேழு என்று சீட்டு ஒட்டினாள். அப்புறம் மாதாமாதம் அதுவே பழக்கமாகிவிட்டது. தெரிந்தால் வேலை போய்விடும். அவள் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். சித்திரையில் ஆய்வகத்து நாகேந்திரன் போஸ்டாபீசுக்குப் போன் செய்து கேட்டபோதே சொல்லியிருக்கலாம்.

“பதினேழுல உப்பு ஏறிகினே போவுதே, எடம் சரிதானாம்மா?”

“ஆங் சார். அங்க உவர் மண்ணு சார்.”

வாய் கூசாமல் சொன்னாள். வீட்டில் குடிக்கக் குழாய்த் தண்ணீர். கிணற்று நீர் கழுவத்தான். சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது என்று வள்ளிநாயகி புலம்பியதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தாளை விரித்தாள். பதினேழில் கடைசி மாதம், லிட்டருக்கு மில்லிகிராமில்: சோடியம் 3174, பொட்டாசியம் 160, குளோரைடு 3621. தனித்தனியாகப் பார்த்தால் உப்புக் கிணறு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது எங்கேயோ பார்த்த கணக்காக இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் போடும் அளவுக்கு மாற்ற, ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால் ஓரத்தில் வகுத்துப் பார்த்தாள். 138. 4.1. 102.

பெட்டியைத் திறந்தாள். போன வருஷம் டைபாய்டில் கிடந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு அடியில் இருந்தது.

138. 4.1. 102.

எண்களுக்கு மேலே அவள் பெயர்.

கழுத்து வியர்வையைத் தொட்டு நக்கினாள். உப்பில்லை. எட்டு மாதமாக எல்லாரும் சொன்னார்கள், வெளுத்துப் போய்விட்டாய், கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது என்று. அரிவாள்மணையை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை அழுத்தினாள்.

வலித்தது. கண்ணைத் திறந்தாள்.

விரலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெளிந்த, குளிர்ந்த தண்ணீர். பாசி வாசனை. கிணற்று வாசனை.

முன்கதவுக்கு ஓடி இரண்டு கையாலும் தட்டினாள். வள்ளியம்மா என்று கத்தினாள். வெளியே ஓர் ஆள் தோள் கதவில் உரச நின்றிருந்தார். அவர் துணியின் மஞ்சள்கூட இடுக்கில் தெரிந்தது. அவரும் அரோகரா என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்.

கொல்லையில் தொப்பென்று ஒரு சத்தம்.

சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். மதிலேறிக் குதித்த ஒருவர் கிணற்றடியில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாளி இறங்கியது. தண்ணீரில் பட்ட ஓசை அவள் நெஞ்சுக்குள் கேட்டது. கப்பி கிரீச்சிட்டது. வாளி மேலே வர வர அவள் முழங்கால் மடிந்தது.

“எடுக்காதீங்க,” என்றாள். மூச்சுதான் வந்தது.

அவர் தலையில் ஊற்றிக்கொண்டார். சிலிர்த்துச் சிரித்தார். மதில் பக்கம் திரும்பிக் கையசைத்தார்.

“வாங்கப்பா எல்லாரும். தண்ணி வெதுவெதுன்னு நல்லா கீது.”

இரண்டாவது வாளி. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மரத்தன. மூன்றாவது. காதில் பம்பைச் சத்தம் குறைந்தது.

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

மதில்மேல் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் தெரிந்தன. ஒன்று. நான்கு. பத்து. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொம்பு.