ஜெபத்துல வெச்சிருக்கேன்

ஜெப அறையில், முழங்கால் போடுவதற்காக அவள் தன் கையாலேயே தைத்த சின்ன மெத்தையில், யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல் இரண்டு பள்ளங்கள் இருந்தன. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. கணவர் இறந்த பிறகு அந்த மெத்தையில் அவள் முழங்கால் பட்டதே இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவள் தையற்காரி. துணி கொடுக்க வருகிற பெண்கள் அளவோடு சேர்த்துத் தங்கள் பாரத்தையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். குடிக்கிற கணவன், தள்ளிப்போகிற கல்யாணம், விடாத இருமல். வாயில் குண்டூசியைக் கவ்வியபடி தலையாட்டிக் கேட்பாள். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "ஜெபத்துல வெச்சிருக்கேன்மா" என்பாள். ஜெபக்கார அக்கா என்றே பெயர் வந்துவிட்டது. தினமும் ஜெப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள். அவ்வளவுதான். கணவருக்காகக் கதறிக் கதறிக் கேட்டும் அவர் போய்விட்டார். அன்றோடு வாய் அடைத்துப்போயிற்று. அதை வெளியே சொல்ல வெட்கம். சொல்லாமல் நல்ல பெயர் வாங்கிக்கொள்வது அதைவிட வெட்கம். ஊருக்குத்தான் உபதேசம்.

மெத்தையைத் தட்டிச் சமமாக்கிவிட்டு வந்தாள். மறுநாளும் பள்ளம் விழுந்திருந்தது. அதற்கடுத்த நாள், ஆணியில் தொங்கும் வெள்ளை முக்காட்டுத் துணியைக் காணவில்லை.

அன்று மத்தியானம்தான் தங்கை போன் செய்தாள். குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம்.

"உன் ஜெபத்தைத்தான்க்கா நம்பியிருக்கேன்."

இவளுடைய பழகிய வாய் பழகியதைச் சொல்லிவிட்டது.

கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அந்தக் கடகடப்புக்கு அடியில், சாத்தியிருந்த ஜெப அறைக்குள்ளிருந்து, ஈரத்துணியும் மருந்தும் கலந்த வாடையோடு ஒரு முணுமுணுப்பு வந்துகொண்டிருந்தது. கணவர் கடைசியாகப் படுத்திருந்தபோது வீடெங்கும் வீசிய அதே வாடை. காலை எடுத்தாள். சக்கரம் ஓடி நின்றது. முணுமுணுப்பு நிற்கவில்லை.

அது அவளுடைய குரல்.

அவளிடம் பாரம் சொன்ன பெண்களையெல்லாம் அது பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் தங்கை பிள்ளையின் பெயர்.

"அவங்க இவகிட்ட சொன்னாங்க. இவ உம்மகிட்ட சொல்லவே இல்லை. அதனால அவங்களை எனக்குத் தாரும்."

கதவைத் திறந்தாள். மெத்தையின்மேல், முழங்காலிட்ட உயரத்தில், முக்காடு. முதுகு காட்டி. மூச்சுக்கு ஏற்றபடி துணி அசைந்தது.

வாசல் திறந்துதான் கிடந்தது. ஓடிவிடலாம். ஓடினால், அந்தப் பிள்ளைக்காக இந்த வீட்டில் பேசும் குரல் இது ஒன்றுதான்.

பக்கத்தில் வெறுந்தரையில் முழங்கால் போட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, நான் யாருக்காகவும் ஜெபிக்கலை. பொய் சொன்னேன். உம்ம மேல கோபம். இப்ப உம்ம முகத்தைப் பார்க்கவே வெட்கமா இருக்கு. ஆனாலும் கேக்குறேன். அந்தப் பிள்ளையைக் கைவிட்டுடாதேயும்."

முணுமுணுப்பு நின்றது.

அவள் குரல் உடையவில்லை. அந்தப் பலம் தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. விடாமல் கேட்டாள். துணி சரசரத்தது. அவள் பக்கம் திரும்புகிறது. காதருகே குளிர்ந்த மூச்சு.

கூடத்தில் போன் அடித்தது. தங்கையாகத்தான் இருக்கும்.

அவள் எழவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"நீ இரு. நான் எடுக்கிறேன்" என்றது பக்கத்திலிருந்த அவள் குரல்.

மெத்தை உப்பி எழும் சத்தம். வெறுங்கால்கள் தரையில் நடந்து போயின. அவள் கண்ணைத் திறக்கவில்லை. பிள்ளையின் பெயரை மறுபடி மறுபடி சொன்னாள். மணி பாதியில் நின்றது.

கூடத்திலிருந்து, குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசுகிறவளைப்போல, அவள் குரல் நிதானமாகச் சொல்லிற்று:

"ஜெபத்துல வெச்சிருக்கேன்மா."