மூன்றாம் கவுண்டரின் ஐந்தாம் நம்பர்

"ஐயோ... என் பணம்!"

அலறல் சூப்பர் மார்க்கெட்டின் கடைசி அலமாரி வரை கேட்டது.

அலறியவள் ஒரு டீச்சர். செல்போனில் வந்த பேங்க் மெசேஜை நீட்டிக் காட்டினாள்.

"யாரோ என் கார்டுல எடுத்துட்டே இருக்காங்க! அக்கவுண்ட்டைத் துடைச்சு வச்சுட்டாங்க! நான் கடைசியா கார்டு போட்டது இங்கதான்... இதே மூணாம் கவுண்டர்ல!"

கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் டீச்சரையும் கார்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளுக்கு இந்தக் கடையில் பெயர் 'மூணு'. கேஷியர்களைக் கவுண்டர் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது மேனேஜரின் வழக்கம். தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோதுகூட உறையின் மேல் 'மூணு' என்றுதான் எழுதியிருந்தார்!

மேனேஜர் ஓடி வந்தார்.

"இந்த வாரத்துல இது நாலாவது கம்ப்ளெயின்ட்! நாலும் உன் கவுண்டர்! என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"நான் என்ன சார் பண்ணேன்? அவங்க கார்டை அவங்களே போடறாங்க... அவங்க நம்பரை அவங்களே அமுக்கறாங்க..."

"எல்லாம் போலீஸ்ல சொல்லிக்கோ! ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன். வந்துட்டே இருக்காங்க!"

மூணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின. வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவள் ஒருத்திதான். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் எந்தக் கடையில் சேர்ப்பார்கள்?

மேனேஜர் கார்டு மெஷின் கம்பெனியின் உதவி எண்ணை அடித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டர் மேல் வைத்தார்.

'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்...'

தொடர்ந்து புல்லாங்குழல்.

அந்தக் குழலை மூணு தூக்கத்தில்கூட முணுமுணுப்பாள். அவள் மெஷினில் ஐந்தாம் நம்பர் கீ மாதக்கணக்காக அமுங்காமல் அடம்பிடித்தது. 'அஞ்சை மட்டும் நல்லா அமுக்குங்க' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தொண்டை வறண்டது. எத்தனை முறை போன் செய்தும் குழல்தான் கேட்டதே தவிர, ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

போன வாரம் ஒரு நாள், திடீரென்று ஐந்து வெண்ணெயாக அமுங்கியது!

"நான் ஒரு போன் போட்டேன்ல... வந்து சரி பண்ணிட்டாங்க" என்று மேனேஜர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"எக்ஸ்க்யூஸ் மீ!"

எல்லோரும் திரும்பினார்கள்.

கோட்டு. கண்ணாடி. கழுத்தில் அடையாள அட்டை.

"கார்டு மெஷின் கம்பெனி... செக்யூரிட்டி பிரிவு. புகார் வந்துச்சு. அந்த மெஷினை நான் எடுத்துட்டுப் போகணும்."

மேனேஜரின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா மூணு! போன் போட்டு வாயை மூடல... ஆளே வந்துட்டாரு!"

கோட்டு மூணை மேலும் கீழும் பார்த்தான்.

"இந்தப் பொண்ணுதானா? இது மாதிரி நிறைய பேரைப் பாத்திருக்கேன். மெஷினைக் கழட்டிக் கொடும்மா."

மூணின் கை மெஷினின் வயருக்குப் போனது.

அப்படியே நின்றது.

கவுண்டர் மேல்... புல்லாங்குழல் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது!

"சார்... போன்ல இன்னும் யாருமே எடுக்கலையே?" என்றாள் மேனேஜரிடம்.

"அதுக்கென்ன?"

"கம்பெனியில நாம இன்னும் யார்கிட்டயுமே சொல்லல. இவர்கிட்ட யாரு சொன்னா?"

மேனேஜர் குனிந்து போனைப் பார்த்தார். கோட்டு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

"வே... வேற கஸ்டமர் சொன்னாங்க. நேரமாகுது, கொடும்மா!"

"தரேன் சார்." மூணு ஒரு சோப்பை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "அதுக்கு முன்னாடி இதை வாங்குங்க. உங்க சொந்தக் கார்டைப் போடுங்க. அட்டையில இருக்கற பேரும் கார்டுல இருக்கற பேரும் ஒண்ணா இருந்தா, மெஷின் உங்களுக்கு. எங்களை மட்டும்தான் சரிபார்க்கணுமா?"

கோட்டின் நெற்றியில் வியர்வை. கை பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வந்தது...

ஒரு நோட்டு!

"சில்லறை வேணாம். வச்சுக்கோ."

"கார்டு கம்பெனி ஆளு காசு கொடுக்கறாரு!" மூணு கத்தினாள். "வாட்ச்மேன் அண்ணே! ஷட்டரை இறக்குங்க!"

கோட்டு பாய்ந்தான். டீச்சர் காய்கறி வண்டியைக் குறுக்கே தள்ளினாள். அவன் வண்டிக்குள்ளேயே குப்புற விழுந்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது வாட்ச்மேன் அவன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் மேல ஏன் இவ்வளவு ஆசை?" என்றார் இன்ஸ்பெக்டர், அவன் கையில் விலங்கை மாட்டியபடி.

மூணுக்குச் சட்டென்று உறைத்தது.

"சார்... அஞ்சை சரி பண்ணச் சொல்லி நிஜமாவே போன் போட்டீங்களா?"

மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார்.

"போடணும்னு... நெனச்சேன்மா."

அவள் மெஷினின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். கீ வரிசை முழுதும் மூடியாகக் கையோடு வந்தது! உள்ளே மெல்லிய வயர்கள், ஒரு குட்டி சிப். அடியில் அவளுடைய பழைய மெஷின்.

"போலி மூடி" என்றார் இன்ஸ்பெக்டர். "கார்டையும் படிக்கும், ரகசிய நம்பரையும் பிடிச்சு வைக்கும். எப்படா மாட்டினே?"

"போன வாரம் வந்து பெரிய பை கேட்டேன். இவங்க எடுக்க உள்ள போனாங்க." கோட்டு முனகினான். "நம்பரையெல்லாம் சிப் அப்பப்போ எனக்கு அனுப்பிடும். மூடியைக் கழட்டிட்டுப் போக இன்னிக்குக் கம்பெனி ஆள் வேஷத்துல வந்தேன். உள்ள கூச்சல் கேட்டுச்சு. மாட்டிடுவோம்னு மெஷினையே தூக்கப் பாத்தேன்."

"அப்போ அஞ்சை...?" என்றாள் மூணு.

"நான்தான் சரி பண்ணேன். அதுக்கு மட்டும் அடியில நீளமா ரப்பர் வச்சேன். நம்பர் விழலைன்னா எனக்குத்தானே நஷ்டம்!"

மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"மன்னிச்சுக்கோம்மா. உன்னைத் தப்பா..."

அவள் மெஷின் பக்கம் திரும்பினாள். பழைய மெஷினில் ஐந்தை அழுத்திப் பார்த்தாள்.

அமுங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புல்லாங்குழல் நின்றது!

"வணக்கம், என்ன பிரச்சனை?" என்றது போன்.

"அஞ்சாம் நம்பர் கீ அமுங்கலை!"

"பதிவு பண்ணிட்டோம். ஒரு மாசத்துல ஆள் வருவாங்க."

மூணு போனை வைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். வாசலைத் தாண்டப்போன இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள்.

"சார்... அந்தத் திருடனுக்கு ஒரே ஒரு நிமிஷம் விலங்கைக் கழட்டுங்க. இந்தக் கம்பெனியில ஒழுங்கா வேலை பாத்தது அவன் ஒருத்தன்தான்!"