புளிப்புத் தோட்டத்தில் ஒரு பிணம்

வீல்!

திராட்சை பறிக்க வந்த பெண் போட்ட அலறலில் லிவர்மோர் குன்றே விழித்துக்கொண்டது.

ஏழாவது வரிசை. பச்சைக் குலைகளுக்கு அடியில் குப்புறக் கிடந்தார் தோட்ட முதலாளி ஜெயபிரகாஷ். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில், நுரைக்கிற ஒயின் அடைத்த கனத்த பாட்டில்... உடையாமல்!

டிடெக்டிவ் ஹஸ்னைன் வந்தபோது காலை மணி எட்டரை. வயது அறுபத்தொன்று. பூர்வீகம் உத்தமபாளையம். முப்பது வருஷ கலிபோர்னியா போலீஸ் உத்தியோகத்தில் அவர் கற்றது ஒன்றுதான். எவனையும் நம்பாதே.

பிணத்தின் விரல் நுனிகளில் கருநீலக் கறை. பேனா மை என்று நினைத்தார்.

அங்கேதான் சறுக்கினார்.

இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஒருவன் சாய்ராம். சன்னிவேலில் சாஃப்ட்வேர் வேலை, தோட்டத்தில் பாதிப் பங்கு. இன்னொருவன் தோட்டத்தைக் கவனிக்கும் வேலுமணி. கம்பத்துக்காரன். பதினோரு வருஷமாக இந்த முப்பது ஏக்கரில் ஒரு சொட்டு விஷம் தெளிக்காதவன். களையை ஆடு மேய்ந்தது. எலியை ஆந்தை பிடித்தது. அவன் வெறுமனே மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்ததாகச் சொன்னான் சாய்ராம். ஜெயபிரகாஷ் உயிரோடுதான் இருந்தாராம். அரை மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்பினானாம்.

"என்ன பேசினீங்க?"

"ஜெனரலாதான் சார். கையில பழம் வச்சிருந்தான், எனக்கும் குடுத்தான். கறுப்புப் பழம். செம்ம ஸ்வீட். நம்ம ஊர் பன்னீர் திராட்சை மாதிரி..."

வேலுமணி நிமிர்ந்தான். ஏழாவது வரிசையிலிருந்து ஒரு பழம் கிள்ளி நீட்டினான்.

"தின்னு பாருங்க பாய்."

ஹஸ்னைன் கடித்தார். கண் தானாக மூடிக்கொண்டது. அப்படி ஒரு புளிப்பு!

"நுரைக்கிற ஒயினுக்குப் புளிப்பு இருக்கும்போதே பறிக்கணும். அதுக்குத்தான் இன்னைக்கு ஆள் வரச் சொன்னேன். இந்த முப்பது ஏக்கர்லயும் பச்சைப் பழம்தான். கறுப்பும் கிடையாது, இனிப்பும் கிடையாது."

ஹஸ்னைன் சாய்ராமைப் பார்த்தார். பொய்! அதுவும் எவ்வளவு மட்டமான பொய்!

"சார், ப்ளீஸ்... பொண்ணை டேகேர்ல டிராப் பண்ணிட்டு வந்திருக்கேன். நான்தான் பிக்கப் பண்ணணும். வேற யாரும் இல்ல சார்."

விலங்கு 'க்ளிக்'கென்றது. காரில் ஏற்றினார்கள்.

பிணத்தைத் தூக்கியபோது வலது கை நழுவித் தொங்கியது. அதைப் பிடித்து உள்ளே வைக்கக் குனிந்த ஹஸ்னைன்...

அப்படியே நின்றார்.

மை வாசனை இல்லை. பன்னீர் திராட்சை வாசனை!

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தோட்டத்தைச் சுற்றி நடந்தார். கருவிகள் வைக்கும் ஷெட்டுக்குப் பின்னால் வேலியோரம் ஒரே ஒரு கொடி. கருகருவென்று குலைகள். ஒரு காம்பு புதிதாக ஒடிந்திருந்தது.

பின்னாலேயே வந்து நின்றான் வேலுமணி.

"பன்னீர் திராட்சை விளையுற கம்பத்துல பிறந்தவன் பதினோரு வருஷம் புளிப்புத் தோட்டத்துல கிடந்துட்டு, தான் தின்ன ஒரு கொடி வைக்காம இருப்பானாய்யா? எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். கறுப்பே கிடையாதுன்னு ஏன் பொய் சொன்னே?"

வேலுமணி மறுக்கவில்லை. சாய்ராம் போன பிறகுதான் நடந்தது என்றான். இங்கே வீடு கட்டப் போகிறார்கள், அறுவடை முடிந்ததும் புல்டோசர் வரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம் ஜெயபிரகாஷ்.

"என் கொடியில என்னைக் கேக்காமப் பறிச்ச பழத்தைத் தின்னுக்கிட்டே சொன்னான் பாய். ருசிக்கக் கொண்டுபோன பாட்டில் கையில இருந்துச்சு. அவன் போயிட்டா தோட்டம் தப்பிச்சிரும்னு..."

"தப்பிக்காது. வர்ற வழியிலேயே அவர் வீட்டம்மாகிட்ட போன்ல பேசினேன். முந்தாநாளே ரெண்டு பார்ட்னரும் கையெழுத்துப் போட்டு வித்தாச்சு."

வேலுமணி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

சாய்ராமை அவிழ்த்துவிடச் சொன்னார் ஹஸ்னைன். அதே விலங்கு கை மாறியது.

கார் கதவருகே வேலுமணி திரும்பினான். பறிக்க வந்தவர்கள் காலிக் கூடைகளோடு நின்றார்கள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

"பாய்... இன்னைக்கே பறிக்கச் சொல்லுங்க. இந்த வெயிலுக்கு ரெண்டு நாள் விட்டா இனிச்சிரும். அப்புறம் எதுக்கும் ஆகாது."

ஹஸ்னைன் கதவைச் சாத்தினார்.

"புல்டோசருக்கு நாக்கு கிடையாதுய்யா."