ரோவீனாவின் பன்னிரண்டாவது குண்டு

"ஐயோ... எல்லாரும் இங்க வாங்க!"

பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்த அலறலில் கல்லன் க்ரீக் பிஸ்டல் கிளப்பே ஸ்தம்பித்தது.

அலறியது நெரிடா. வயது அறுபத்தாறு. காலடியில் பாம்பு வந்தால்கூட "அட, நகருப்பா" என்று பூட்ஸால் தள்ளுகிறவள். அவளே அலறுகிறாள் என்றால்...

எல்லோரும் ஓடினார்கள்.

தடுப்புக்குப் பின்னால், செம்மண்ணில், குப்புறக் கிடந்தார் கிளைவ் ஹார்கன். கிளப்பின் செயலாளர். காதுமூடி கழுத்துக்குச் சரிந்திருந்தது. சட்டையின் முதுகில் சிவப்பு, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது.

பலகையில் ஒரே ஒரு ஓட்டை!

சுடும் களத்தைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசர் பாரி டென்ஹாம் குனிந்து நாடி பார்த்தார். நிமிர்ந்தார். பலகை ஓட்டையைப் பார்த்தார். அதற்கு இரண்டு மீட்டர் வலப்பக்கம் நின்ற கடைசி டார்கெட்டைப் பார்த்தார். பிறகு மெல்ல தொப்பியைக் கழற்றினார்.

"ரோவீனா... கடைசி டார்கெட்ல உனக்கு ஒண்ணு மிஸ் ஆச்சு இல்ல கண்ணு?"

ரோவீனா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சுட்டு முடித்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவள் கலந்துகொண்ட முதல் போட்டி!

ரோவீனா டுல்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது விளக்குக் கம்பத்தை நெருங்கிவிட்டால், கம்பத்திடமே "ஸாரி" சொல்லுகிற ரகம். கடையில் யாராவது அவள் காலை மிதித்தாலும் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள்.

பிள்ளைகள் வளர்ந்து பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு வெறிச்சென்று கிடந்தது. யாரோ சொல்லி இந்த கிளப்புக்கு வந்தாள். ஆறு மாதம் பயிற்சி. உறையிலிருந்து உருவுவது, நகர்ந்துகொண்டே சுடுவது, சுடாத நேரத்தில் விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிடுவது... எல்லாம் பாரி சொல்லிக் கொடுத்ததுதான். சொந்தத் துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. கிளப் துப்பாக்கியைத்தான் பாரி எடுத்துக் கொடுத்தார்.

ஆறு டார்கெட். ஒவ்வொன்றிலும் இரண்டு. பாரி கையிலிருந்த டைமர் 'பீப்' என்றது. அவள் ஓடினாள், சுட்டாள், முடித்தாள். டைமர் எண்ணிய வெடிச் சத்தம் பன்னிரண்டு. பாரி முன்னால் நடந்து டார்கெட் டார்கெட்டாக ஸ்கோரைச் சொல்ல, பத்தடி பின்னால் நெரிடா டேப்லெட்டில் பதிந்துகொண்டே வந்தாள்.

"ரெண்டு... ரெண்டு... ரெண்டு... ரெண்டு... ரெண்டு..."

கடைசி டார்கெட் அட்டைமுன் பாரி சற்று நின்றார்.

"ஒண்ணு. ஒரு மிஸ்!"

"ஸாரி" என்றாள் ரோவீனா, வழக்கம்போல. டேப்லெட்டில் சம்மதம் என்று விரலை வைத்தும் விட்டாள்.

அந்த மிஸ் இப்போது மண்ணில் குப்புறக் கிடந்தது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் கிளைவ் எல்லார் முன்னிலையிலும் அவளைத் திட்டியிருந்தார். "விரல்! விரலை எடு! யாரையாவது கொல்லப் போறியா?" அவமானத்தில் முகம் சிவந்து, அவர் திரும்பியதும் வாய்க்குள் முணுமுணுத்தாள்.

'தொலைஞ்சு போடா கிழவா!'

தொலைந்துவிட்டார்.

டவுனிலிருந்து போலீஸ் வர நாற்பது நிமிடம். கிளப் கொட்டகையில் தகரக் கூரை வெயிலில் படபடத்தது. அடுப்பில் யாரும் கவனிக்காத சாஸேஜ்கள் கரிந்துகொண்டிருந்தன. பாரி ஒரு கப் டீயை அவள் கையில் திணித்தார்.

"குடி. சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன்."

"நான் கொன்னுட்டேன், பாரி..."

"மெதுவாப் பேசு! வேணும்னா செஞ்சே? கிளைவ் மேல தப்பு. குண்டு தடுக்கற மண்மேட்டுப் பின்பக்கமா ஏறி அங்க என்ன பண்ணிட்டிருந்தான்? நான் தடுப்புக்குப் பின்னாடி பார்த்துட்டுத்தான் உன்னை ஆரம்பிக்கச் சொன்னேன். அப்ப யாரும் இல்ல."

"அவருக்குப் பொண்டாட்டி இருக்காங்களே..."

"இருக்கா. அழுவா. நீ ஜெயிலுக்குப் போனா அழுகை நின்னுடுமா? இங்க பாரு. போலீஸ்காரன் கேட்டா 'ஒண்ணும் ஞாபகம் இல்ல, பாரியைக் கேளுங்க'ன்னு சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். விபத்துன்னு நானே சாட்சி சொல்றேன்."

"எனக்காக நீ ஏன் பொய்..."

"பொய்யே இல்லம்மா! நீ வாயை மட்டும் திறக்காதே. அது போதும்."

எத்தனை நல்ல மனுஷன் என்று நினைத்தாள் ரோவீனா. அந்த நினைப்பிலேயே இன்னும் குற்ற உணர்ச்சி ஏறியது. தன்னால் இவருக்கும் அல்லவா சங்கடம்!

செம்புழுதி பறக்க ஜீப் வந்து நின்றது. டிடெக்டிவ் சார்ஜென்ட் ஜினோ பெர்லாட்டி இறங்கினார். கரும்பு விவசாயி மகன், தோள் அகலம் கதவகலம்.

அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுப்பதற்குள் ரோவீனா எழுந்து போய் எதிரில் நின்றாள். இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நீட்டினாள்.

"நான்தான் கொன்னேன். கூட்டிட்டுப் போங்க."

பாரி கண்ணை மூடிக்கொண்டார்.

பெர்லாட்டி அந்த மணிக்கட்டுகளைப் பார்த்தார்.

"கையைக் கீழ போடுங்கம்மா. நான் இன்னும் என்ஜினையே அணைக்கல. என்ன நடந்தது?"

"சார்ஜென்ட், அவங்க ஷாக்ல இருக்காங்க" பாரி குறுக்கே வந்தார். "அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நான் சொல்றேன்..."

"இல்ல, பாரி. எல்லாமே ஞாபகம் இருக்கு" என்றாள் ரோவீனா. "என்னால மறைக்க முடியாது. காலையில அவரைச் சபிச்சேன். வாய்க்குள்ளதான், ஆனா சபிச்சேன். அப்புறம் சுட்டேன். கடைசி டார்கெட்ல ரெண்டும் பட்டுதுன்னுதான் நினைச்சேன்... அட்டையில ரெண்டு ஓட்டை என் கண்ணுக்குத் தெரிஞ்சுது... ஆனா பாரி மிஸ்னு சொன்னார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். பதினோரு வருஷ ரேஞ்ச் ஆபீசர். நான் நேத்து வந்தவ."

பெர்லாட்டியின் பேனா நின்றது.

"ரெண்டு ஓட்டை பார்த்தீங்களா?"

"என் கண்ணு தப்பா இருக்கும்... ஸாரி."

"எதுக்கும்மா ஸாரி? வாங்க, போய்ப் பார்ப்போம்."

நெரிடாவும் டேப்லெட்டோடு கூடவே நடந்தாள். பாரி பின்னால் வந்தார்.

ஆறு டார்கெட்டுகளும் அப்படியே நின்றன. பழுப்பு அட்டை. ஸ்கோர் சொல்லி முடித்ததும் அடுத்த ஆளுக்காக ஓட்டைகளின் மேல் ஒட்டுகிற பழுப்பு ஸ்டிக்கர்கள். அட்டை நிறமும் ஸ்டிக்கர் நிறமும் ஒன்றே என்பதால், தள்ளி நின்றால் ஒட்டியதே தெரியாது.

ரோவீனா எண்ண ஆரம்பித்தாள். அவளை யாரும் எண்ணச் சொல்லவில்லை. ஸ்கூல் பஸ்ஸை எடுக்குமுன் தலைகளை எண்ணி எண்ணி ஊறிப்போன பழக்கம். குழந்தையோ ஸ்டிக்கரோ, வரிசையைப் பார்த்தால் உதடு தானாக அசையும்.

"...பத்து... பதினொண்ணு... பன்னெண்டு."

மறுபடி எண்ணினாள்.

பன்னிரண்டு!

"நெரிடா, ஸ்கோர்ல எத்தனை?"

"பதினொண்ணு. ஒரு மிஸ்." நெரிடா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "இரு இரு. இந்த அட்டைங்க புத்தம் புதுசு. டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னாடி நானும் கிளைவும்தான் மாட்டினோம். இதுல உன்னைத் தவிர வேற யாரும் சுடல. அப்போ பதினோரு ஸ்டிக்கர்தானே இருக்கணும்?"

பெர்லாட்டி கையுறை மாட்டினார். கடைசி அட்டையில் முதல் ஸ்டிக்கரைப் பேனாக்கத்தியால் நெம்பினார்.

ஓட்டை.

இரண்டாவதை நெம்பினார்.

ஓட்டை!

"பன்னெண்டு குண்டும் அட்டையிலயே இருக்கு" என்றார் நிதானமாக. "அப்போ பலகையில இருக்கறது யாரோட குண்டு?"

ரோவீனாவுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது.

"கடைசி அட்டையில ஸ்டிக்கர் ஒட்டினது யாரு?"

"ஒண்ணு நான்" என்றாள் நெரிடா. "ஸ்கோர் சொன்ன பிறகு. ஒட்டிட்டு, வேற அட்டை எடுக்கத்தான் தடுப்புக்குப் பின்னாடி போனேன்... கிளைவைப் பார்த்தேன். நான் ஒட்டறதுக்கு முன்னாடி அந்த அட்டைகிட்ட போனது ஒரே ஒரு ஆள்தான். ஸ்கோர் சொல்றவர். ஆனா ரேஞ்ச் ஆபீசர் ஓட்டை மேல கையே வைக்கக் கூடாது. அது சட்டமாச்சே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பினாள்.

"பாரி...?"

"உளறாதே, நெரிடா."

"அது உளறலான்னு இந்தப் பசை சொல்லிடும்" பெர்லாட்டி ஸ்டிக்கரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஒட்டுற பக்கத்துல கட்டைவிரல் ரேகை கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சாகியிருக்கு. வெள்ளிக்கிழமை கிளைவ் எனக்குப் போன் பண்ணினார், மிஸ்டர் டென்ஹாம். துப்பாக்கி லைசென்ஸ் நிலைக்கணும்னா ஆளு தவறாம வந்து சுடணும். வரவே வராத ஒன்பது பேர் வந்ததாப் பதிவேட்டுல கையெழுத்து இருக்காம். அந்த ஒன்பது பேர் துப்பாக்கியும் இப்போ ரவுடிங்க இடுப்புல. எல்லாக் கையெழுத்தும் உங்களோடது."

"டீ பிரேக்ல இருந்தே கிளைவைக் காணோமே... அப்போ பக்கத்து ரேஞ்சுல இன்னொரு குழு சுட்டுக்கிட்டிருந்தது" என்றாள் நெரிடா.

பெர்லாட்டி தலையாட்டினார். "அதுதான். அந்தச் சத்தத்துல ஒரு வெடி கூடினா யாருக்குத் தெரியும்? கிளப் துப்பாக்கியால அவரைச் சுட்டீங்க. அதே துப்பாக்கியை இவங்க கையில கொடுத்தீங்க. சோதிச்சா அவரைக் கொன்ன குண்டும் இவங்க சுட்ட குண்டும் ஒரே குழல்ல வந்ததுன்னுதான் தெரியும். தேவைப்பட்டது ஒரே ஒரு மிஸ். அதையும் நீங்களே தயார் பண்ணிட்டீங்க!"

சர்ரக்!

பாரியின் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டல் வெளியே வந்தது.

அந்த கிளப்பில் எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி உண்டு. எதிலும் குண்டு கிடையாது. கட்டளை வந்த பிறகுதான் நிரப்ப வேண்டும். ஆனால் காலையிலேயே ஒரு சட்டத்தை மீறிய மனிதன் இன்னொன்றை மீறியிருக்க மாட்டானா?

மீறியிருந்தான்!

துப்பாக்கி பெர்லாட்டியின் நெஞ்சுக்கு நேராக உயர்ந்தது. அவர் கை தன் துப்பாக்கிக்குப் போக அவகாசமில்லை.

"ஸ்டாப்!"

ரோவீனா கத்தினாள். நாற்பது பிள்ளைகளைச் சீட்டில் உட்கார வைக்கிற குரல்!

பாரியின் உடம்பு விறைத்தது. பதினோரு வருடப் பழக்கம். ரேஞ்சில் அந்தச் சொல் கேட்டால் யாராயிருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். விரல் ட்ரிகரிலிருந்து தானாக விலகி நேராக நீண்டது. குழல் தானாகத் தரையைப் பார்த்தது.

அரை விநாடிதான்... அதற்குள் பெர்லாட்டி பாய்ந்து பாரியை மண்ணில் சாய்த்தார். கைவிலங்கு 'க்ளிக்' என்றது.

முகத்தில் செம்மண்ணோடு பாரி நிமிர்ந்து ரோவீனாவைப் பார்த்தான்.

"உன்னை ஏன் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? இங்க இருக்கறவங்கள்ல வேற யார்கிட்ட மிஸ்னு சொன்னாலும் 'காட்டு'ன்னு சண்டைக்கு வருவாங்க. நீ ஒருத்திதான் ஸாரி சொல்லுவே."

ரோவீனாவின் உதடு வழக்கம்போல 'ஸா' என்று திறந்தது.

அப்படியே மூடிக்கொண்டது.

ஜீப் பாரியை ஏற்றிக்கொண்டது. ரோவீனா தடுப்புக்குப் பின்னால் போனாள். கிளைவின் மேல் நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். அவள் கொலைகாரி இல்லை என்று சொல்லியாகிவிட்டது. நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒரு மனிதன் செத்துக் கிடக்க, தான் தப்பித்ததற்கு ஒரு கணம் சந்தோஷப்பட்டோமே என்று அது வேறு குத்தியது. காலையில் அவர் திட்டியது நியாயம். விரல் ட்ரிகரில்தான் இருந்தது.

"ஸாரி, கிளைவ்" என்றாள். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

நெரிடா வந்து பக்கத்தில் நின்றாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு டேப்லெட்டை நீட்டினாள்.

"அந்த மிஸ்ஸை எடுத்துட்டேன். இதுல விரலை வை. நீ இப்போ கடைசி இல்ல."

"இந்த நேரத்துல அதுவா முக்கியம், நெரிடா? ...அப்போ கடைசி யாரு?"

"பாரி. அவனும் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தான். டிஸ்குவாலிஃபை பண்ணிட்டேன்."

"கொலை பண்ணினதுக்கா?"

"சே! கொலையைப் பத்தி ரூல் புக்ல ஒரு வரி கிடையாது... கட்டளை இல்லாம துப்பாக்கியை உருவினதுக்கு!"