முன்னறி கைப்பிடி

மூன்றாவது வண்டிதான் இதழினியைத் தூக்கிவாரிப் போட்டது.

கோவையில் அந்தக் கடையின் பின்புறம், மலைப்பாதை ஒன்றை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோல ஒரு சோதனைத் தடம் இருந்தது. வேர்கள், உருட்டுக்கற்கள், சேறு, மேலேயிருந்து இடைவிடாத தூறல். தளிர்வண்டி என்னும் குழந்தைத் தள்ளுவண்டியை வாங்க வருபவர்கள் குழந்தையின் எடைக்கு ஒரு மணல்பையை உட்காரவைத்து, தள்ளிக்கொண்டு ஓடிப் பார்க்கலாம். முதல் இரண்டு வண்டிகளோடு அவள் சிரமமில்லாமல் ஓடிவிட்டாள். மூன்றாவதோடு ஒரு வழுக்குப்பாறையை நெருங்கியபோது சக்கரங்கள் திடீரென்று கவ்விப் பிடித்து நின்றன. அதற்கு அப்புறம்தான் அவள் கால் சறுக்கியது. நின்ற வண்டியைப் பற்றிக்கொண்டு விழாமல் தப்பினாள்.

கைப்பிடியில் செம்மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது.

"பாத்தீங்களா!" கடைப்பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை. "கல்லு, குழின்னா பச்சை எரியும்ங்க. சரிவுன்னா நீலம். செம்மஞ்சள்னா உங்க கை. கைய விடப்போறீங்கன்னு உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஒரு கை எதையாவது செய்வதற்குச் சற்று முன்னால் அதன் தசைகளில் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் ஒன்று ஓடுகிறது. கைப்பிடியின் உறைக்குள் இருந்த உணரிகள் அந்த நடுக்கத்தைப் படித்தன. முன்னறி கைப்பிடி என்று அதற்குப் பெயர். அது வந்த பிறகு கைக்குழந்தையோடு மலையேறுவது கடைத்தெருவுக்குப் போய்வருவது போலாகிவிட்டது. நடக்கப் பழகாத பிள்ளைகளெல்லாம் சிகரங்களைப் பார்த்துவிட்டன.

"எனக்கு ரெண்டாவதே போதும்," என்றாள் இதழினி. காற்றடைத்த பெரிய சக்கரங்கள், குலுக்கலை வாங்கிக்கொள்ளும் நல்ல வில், ஓடும்போது முன்சக்கரம் திரும்பாமல் பூட்டிக்கொள்ளும் வசதி, கையால் அழுத்தும் சாதாரணத் தடை, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வார். "எடையும் கம்மி. ஏத்தத்துல தள்ளப்போறது நான்தானே?"

"ஒரு வார்ப்பட்டைய நம்பியா சேயோன மலைக்குக் கூட்டிட்டுப் போறது?" என்றான் அவள் கணவன் தர்ஷன். சேயோன் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பல் முளைக்கும் பருவம். தர்ஷனின் சட்டையெல்லாம் எச்சில்.

"மூணாவதுல வார் இல்லீங்களா?" என்று இதழினி கடைப்பெண்ணிடம் கேட்டாள்.

"எதுக்குங்க? ஓடறவங்க நடுவுல கைய எடுத்து வேர்வை தொடைப்பாங்க. தள்ளிவிட்டுட்டுப் பின்னாடியே ஓடுவாங்க. அப்பல்லாம் வண்டி புடிச்சு நின்னா குழந்தை குலுங்கிருமில்ல? அதனால நிதானமான கைய எடுத்தா அது கண்டுக்காது. கலங்கற கையத்தான் புடிக்கும்."

இதழினி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். தூறலில் நனைந்திருந்தன. தர்ஷன் அதற்குள் மூன்றாவது வண்டியை மடித்துக் காரில் ஏற்றச் சொல்லிவிட்டான்.

அவர்கள் வீடு கோத்தகிரியில். அங்கே மழைக்கணிப்பு நிலையத்தில் தர்ஷனுக்கு வேலை. பிரசவத்துக்கு முன்பு இதழினி மலையோட்டக்காரி. தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே சோலைக்காட்டைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையில் அவள் கால் படாத கல் இல்லை. குழந்தை பிறந்த பிறகு எல்லாம் நின்றுபோனது. தூக்கம் போனது. காரணமில்லாமல் அழுகை வந்தது. "வெளியில போங்க, ஓடுங்க," என்று மருத்துவர் சொன்னதால்தான் வண்டியே வாங்கினார்கள்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தன. காலைப் பனியில் அவள் ஓடினாள். வண்டி வேர்களின்மேல் ஏறி இறங்க, உள்ளே சேயோன் ராகம் இழுத்தபடி வந்தான். கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து அவனுக்குக் கையாட்டினார்கள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குத் தன் மூச்சின் சத்தம் கேட்டது. பசித்தது.

காத்துமுனையில் அது முடிந்தது.

பாதை அங்கே மலையின் விளிம்போடு வளையும். கம்பித் தடுப்பு கிடையாது. புல்விளிம்புக்கு அப்பால் வெறும் காற்று, கீழே மேகம், மேகம் விலகினால் வெகு ஆழத்தில் ஒரு நூலாக ஆறு. அன்று மேகம் விலகியிருந்தது. வளைவில் திரும்பும்போது ஒரு நினைப்பு வந்தது. யாரோ பக்கத்தில் ஓடிவந்து காதில் ஒரு கேள்வி கேட்டதுபோல இருந்தது.

இந்தக் கையை எடுத்துவிட்டால்?

வண்டி நின்றது. அவள் வயிறு கைப்பிடியில் மோதியது. வழியில் கல் இல்லை. சரிவும் பெரிதாக இல்லை. செம்மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்துவிட்டாள். "கல்லு தட்டுச்சு," என்று தர்ஷனிடம் சொன்னாள். மறுநாள் அவன் வண்டியை எடுத்துப்போய் அந்த வளைவைச் சுற்றிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். "ஒண்ணுமே இல்லையே. வெண்ணெய் மாதிரி போகுது."

அதற்கடுத்த நாள் அவள் போனாள். நின்றது. இன்னொரு நாள் பாட்டுப் பாடிக்கொண்டே போனாள், நினைப்புக்கு இடம் கொடுக்கக் கூடாதென்று. பாட்டின் நடுவிலேயே நின்றது.

வண்டி செய்த நிறுவனத்தைக் கூப்பிட்டாள். "அது மனசப் படிக்காதுங்க மேடம்," என்றது ஓர் இளம் ஆண்குரல். "கையத்தான் படிக்கும். விடணும்னு நெனைக்கிற கையும், விட்டுருவோமோன்னு பயப்படற கையும் அதுக்கு ஒண்ணுதான். நடுக்கம் ஒரே மாதிரி இருக்கும்."

"அப்ப என் கை அதுல எது?"

அந்தக் குரல் மெதுவாக, "வண்டிய வேணா மாத்தித் தரட்டுங்களா?" என்றது.

இதழினி தன் கைகளுக்குப் பயப்படத் தொடங்கினாள். குழந்தையைக் குளிப்பாட்டுவதைத் தர்ஷனிடம் விட்டாள். மாடிப்படியில் சேயோனைத் தூக்கிக்கொண்டு இறங்க மறுத்தாள். காய் நறுக்கும்போது அவனை அடுத்த அறையில் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, அழுகை கேட்டாலும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். ஆனால் காத்துமுனைக்குப் போவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. நாக்கு சொத்தைப் பல்லைத் தேடிப் போவதுபோல, ஒவ்வொரு காலையும் வண்டியோடு போய் அந்த இடத்தில் நின்று, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

ஒருநாள் வளைவில் எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, பாதையின் குறுக்கே வரிசையாக வைத்திருந்தார்கள்.

"தோட்டத்துல வேலை செய்யறவங்க வெச்சிருக்காங்க," என்றான் தர்ஷன், சாப்பிடும்போது. "அங்க பனிக்குள்ள ஒரு பொம்பளை நிக்கறாளாம். கூட ஒரு புள்ள வண்டி. அசையவே மாட்டாளாம். கூப்பிட்டாலும் திரும்பறதில்லையாம். எவளோ புள்ளையோட விழுந்து செத்தவளோட ஆவின்னு கதை கட்டிட்டாங்க." சிரித்தான்.

இதழினி சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள்.

"அது நான்தாங்க," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். அந்த நினைப்பை, அதன் சொற்களோடு அப்படியே சொன்னாள். அது தன்னுடையதல்ல என்றும், ஆனால் தனக்குள்ளிருந்துதான் வருகிறது என்றும் சொன்னாள். சேயோன் அவள் மடியில் கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் முடித்ததும் தர்ஷன் எழுந்து, கையைக் கழுவி, ஈரம் துடைத்து, அவள் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

"நீ ஓய்வெடு," என்றான். "இனிமே வண்டிய நான் தள்ளிக்கறேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். குழந்தையை அவன் மார்போடு பிடித்திருந்த விதத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் கிளம்பினார்கள். தர்ஷன் தள்ளினான். ஸ்வெட்டர் பைகளுக்குள் கைகளைத் திணித்துக்கொண்டு இதழினி பின்னால் நடந்தாள். பனி விலகி நல்ல வெயில். காத்துமுனை வந்தது. எலுமிச்சம்பழங்கள் காய்ந்து கறுத்திருந்தன. சக்கரம் அவற்றின்மேல் ஏறி இறங்கியது. விளக்கு எரியவில்லை. "பாத்தியா? ஒண்ணுமே இல்ல," என்றான் அவன் திரும்பாமலே.

எதிர்மலைச் சரிவில் கரிய பாறைகள் போல என்னவோ நகர்ந்தன.

"டேய் சேயோன், அங்க பாரு! காட்டுமாடு! எத்தனை பாரு!" தர்ஷன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான்.

நிதானமான கைகள். மகிழ்ச்சியான கைகள். அவற்றில் எந்த நடுக்கமும் ஓடவில்லை. அவை விலகியதை வண்டி கண்டுகொள்ளவில்லை. பாதை அங்கே வெளிப்பக்கம், நீல விளக்குக்குப் போதாதபடி, ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. நல்ல சக்கரங்கள், சத்தம் போடாதவை. வண்டி விளிம்பை நோக்கி உருண்டது. தர்ஷன் காட்டுமாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதழினி பாய்ந்தாள். பைகளிலிருந்து கைகள் எப்போது வெளியே வந்தன என்று அவளுக்கு நினைவில்லை. உள்ளங்கை கைப்பிடியில் பட்டதும் சக்கரங்கள் கவ்வி நின்றன. செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. முன்சக்கரம் புல்லைத் தாண்டி வெறும் காற்றில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. விளையாட்டு என்று நினைத்துச் சேயோன் கெக்கலித்தான்.

இருவருமாக வண்டியைத் தூக்கிப் பாதையின் உட்பக்கம் வைத்தார்கள்.

"போலாம்," என்றான் தர்ஷன். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினான். நகரவில்லை. மறுபடி தள்ளினான். அவன் விரல்களுக்கிடையே செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மீண்டும் பிடித்தான். எரிந்தது.

"நான் விடணும்னு நெனைக்கல, இதழி," என்றான். "சத்தியமா நெனைக்கல. அது உருண்டு போச்சில்ல, அதுதான் திரும்பத் திரும்பக் கண்ணுல வருது."

"தெரியுங்க," என்றாள்.

"உனக்கு... தினமும் இப்பிடித்தானா?"

அவள் தலையசைத்தாள். அவன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தபடி நின்றான். அவள் அருகில் போய் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்டிருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நல்ல உயரமான ஓர் ஆள், காதில் பாட்டு, ஒற்றைக் கையால் அதே மாதிரித் தளிர்வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். உள்ளே ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர்களைக் கடந்து, விளிம்போரமாகவே வளைவில் இறங்கினான்.

"கைய விட்டுறாதீங்க!" தர்ஷனும் இதழினியும் ஒரே குரலில் கத்தினார்கள். "கெட்டியாப் புடிச்சுக்கங்க!"

பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு என்ன கேட்டதோ. திரும்பிப் பார்த்து, பளிச்சென்று சிரித்து, கைப்பிடியிலிருந்த கையை உயரத் தூக்கி அவர்களை நோக்கி ஆட்டினான். அவன் வண்டியில் எந்த விளக்கும் எரியவில்லை.