வாசலைப் பார்த்த ஷூ

அந்த நூடுல்ஸ் கடை வாசலில் ஒரு தடியன் மிவாகோ கழற்றி வைத்திருந்த ஷூவை உதைத்துத் தள்ளிவிட்டு உள்ளே வந்தான்.

தெரியாமல்தான்... வெளியே கனஸாவா ஊருக்கே உரிய அடைமழை. நனைந்து ஓடிவந்தவன் காலடியைப் பார்க்கவில்லை. ஆனால் மிவாகோ கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினாள். கவிழ்ந்து கிடந்த இரண்டையும் எடுத்து, முனை தெருவைப் பார்க்கும்படி சேர்த்து வைத்தாள். அப்புறம்தான் மூச்சு வந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"மன்னிச்சிருங்க... ஆனா ஷூ எங்கேயும் ஓடிடாதுங்க."

நிமிர்ந்தாள். இமையில் மழைத்துளி தொங்க, சிரிக்கும் கண்கள்... பாழாய்ப்போன கண்கள்! சண்டை போட வந்தவளுக்குக் கன்னம் சூடானது.

அவன் சைக்கிள் கடை ரியோஹே. அவளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக்கடையில் வேலை. அடுத்த வாரமும் அதே நூடுல்ஸ், அதே மழை... ஆறு மாதம் கழித்து, "அம்மாவைப் பார்க்க வர்றியா?" என்று தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பயந்து பயந்துதான் சம்மதித்தாள்.

அவனுடைய வீட்டுக்குள் ஏறியதும் அவள் கை தானாக ஷூவை வாசல் பக்கம் திருப்பி வைத்தது. ரியோஹேயின் அம்மா பூரித்துப்போனார்.

"நீயும் இருக்கியேடா, போட்டது போட்டபடி! எவ்வளவு நல்ல வளர்ப்பு... அம்மா சொல்லிக்கொடுத்ததா, மிவாகோ?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்திருந்தால் போதும். கல்யாணமே நிச்சயமாகியிருக்கும். ஆனால் அந்தப் பாராட்டு அவள் தொண்டையில் இறங்கவில்லை.

"அம்மா இல்லீங்க... அப்பா."

"அப்பாவா?"

"குடிச்சிட்டு வந்தார்னா உடனே ஓடணும். ஒருநாள் அம்மா செருப்பு உள்பக்கம் பார்த்துக் கிடந்துச்சு. திருப்பிப் போடக் குனிஞ்சாங்க, அதுக்குள்ள முடியைப் பிடிச்சு அறைஞ்சிட்டார். அன்னிலேர்ந்து அம்மாவுக்கு இடது காது கேக்காது. எனக்கு அப்போ ஏழு வயசு. மறுநாள்லேர்ந்து ரெண்டு பேர் செருப்பையும் நான்தான் திருப்பி வைப்பேன்."

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது.

"அப்படிப்பட்ட வீடா..." என்று மகனைப் பார்த்தார்.

மிவாகோ எழுந்தாள். ஷூ தயாராக இருந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

தெருமுனைப் பாலத்தை எட்டும்போது பின்னால் சளக் சளக்கென்று சத்தம். ரியோஹே! வெறும் காலுறையோடு, மூச்சிரைக்க, மழையில்...

"எப்படி அவ்வளவு வேகமாக் கிளம்பினே? என் ஷூ உள்ள பார்த்துக் கிடந்துச்சு... விட்டுட்டு வந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"பாவம்னு வந்தியா? அது எனக்கு வேண்டாம்."

"கால்ல ஷூ இல்லாம நிக்கிறது நான். பாவம் நீயா?"

"உங்கம்மா..."

"ஒத்துக்குவாங்களான்னு தெரியல. நான் ஒத்துக்கிட்டாச்சு."

மழை இருவர் முகத்திலும் வழிந்தது. எத்தனையோ தடவை ஓடியிருக்கிறாள், யாரும் இப்படிப் பின்னால் வந்து நின்றதில்லை.

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, ரியோஹே... ஆனா நம்ம வீடுன்னு ஒண்ணு வந்தாலும், ஷூவைத் திருப்பி வைக்காம எனக்குத் தூக்கம் வராது. அது போகாது."

அவன் குனிந்தான். நனைந்த காலுறையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அது போக வேண்டாம். என்னுதையும் சேர்த்துத் திருப்பி வை," என்றான். "நீ ஓடினா நானும் வரணுமில்ல?"