பதினேழாவது உத்தரம்

மூன்று தட்டு. சற்று இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. எங்கோ மழை சொட்டுகிறது என்றுதான் அய்யாதுரை முதலில் நினைத்தார். ஆனால் எந்த ஊர் மழை எண்ணி எண்ணிச் சொட்டும்?

ஐப்பசிச் சனிக்கிழமை. மணி நாலுதான். ஆனாலும் மயிலாப்பூர் மேல் மேகம் கவிந்து கரண்ட்டும் போய்விட்டதில், அந்தப் பழைய நகர மண்டபத்துக்குள் விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாகப் பழுதுபார்த்து, அழுகின மரத்தை மாற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பைப் பூசியிருந்தார்கள். ஈரம் காயாத சுவர்களிலிருந்து துவர்ப்பும் இனிப்புமாக ஒரு வாசனை வந்துகொண்டேயிருந்தது. ஆட்களை அனுப்பிவிட்டு, வேலை முடிந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட இன்ஜினியர் அய்யாதுரை தனியாக உட்கார்ந்திருந்தார். மேலதிகாரி நல்லசிவம் ஐந்து மணிக்கு வந்து அதை வாங்கிக்கொண்டு போவார்.

கை ஓடவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'கொத்தனார் மெஹபூப் பாஷாவின் மரணம் அவருடைய அவசரத்தால் நேர்ந்தது.' அது பொய். எழுதினவரே அய்யாதுரைதான்.

பழைய கூரையில் கை வைக்குமுன் அதைத் தாங்கும் தேக்கு உத்தரங்களை மரச்சுத்தியால் மூன்று மூன்று முறை தட்டிக் கேட்கவேண்டும். நல்ல மரம் 'டங்' என்று பதில் சொல்லும். உளுத்தது 'பொத்' என்று அமுங்கும். நல்லதென்றால் இன்ஜினியர் சாக்பீஸில் ஒரு டிக் போடுவார். டிக் விழுந்த உத்தரத்துக்குக் கீழே கொத்தனார் நிம்மதியாக வேலை பார்ப்பார். மொத்தம் இருபத்திரண்டு உத்தரம். மே மாத வெயிலில் சாரத்தின் மேல் நின்று பதினாறு தட்டி முடித்தபோது அய்யாதுரைக்குத் தலை சுற்றியது, பசி வேறு. மீதி ஆறுக்கும் தட்டாமலே டிக் போட்டுவிட்டு இறங்கினார்.

"மீதியும் தட்டிப் பாத்துட்டீங்களா சார்?" என்று பாஷா கேட்டார்.

"தட்டியாச்சு பாய். நீங்க வேலையைப் பாருங்க."

அவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பதினேழாவது உத்தரம் பாஷாவின் மேல் விழுந்திருந்தது. தூசி அடங்குமுன் ஓடிப்போய், உடைந்த மரத்திலிருந்த டிக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். 'நான் தட்டிப் பார்ப்பதற்குள் பாஷா அவசரப்பட்டு அடியில் போய்விட்டார்' என்று விசாரணையில் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள்.

அதோடு போகவில்லை. அவசரக்காரக் குடும்பம் என்று பேர் விழுந்து, பாஷாவின் தம்பி கலீமுல்லாவை இப்போது எந்த மேஸ்திரியும் சாரம் ஏற விடுவதில்லை. பாஷாவுக்கு இதே மண்டபத்தில் கலவை எடுத்துக் கொடுத்த அவர் மனைவி குல்சும் போன வாரம் வந்து நின்றாள். "அவரு அவசரப்படுற ஆளு இல்ல சார். ஒங்களுக்கே தெரியும். அத்த மட்டும் எழுதிக் குடுங்க" என்றாள். சனிக்கிழமை வரச் சொல்லி அனுப்பினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அய்யாதுரைக்கு ஐந்து மாதமாகச் சோறு இறங்கவில்லை. ஆனால் உண்மையை எழுதினால் வேலை போகும், ஜெயில்கூடக் கிடைக்கலாம். அந்தப் பயம்தான் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது.

தட்டும் சத்தம் இடம் மாறியிருந்தது.

அண்ணாந்து பார்த்தார். பதினெட்டு அடி உயரத்தில் உத்தரங்கள் கறுப்புக் கறுப்பாய் வரிசையாக நின்றன. சாரத்தைப் புதன்கிழமையே பிரித்தாயிற்று. ஏணியும் இல்லை. பூனை ஏறக்கூட வழியில்லை. ஆனாலும் கிழக்கு மூலையிலிருந்து மூன்று தட்டு கேட்டது, பிறகு மரத்தில் சாக்பீஸ் கீறும் சத்தம், பிறகு அடுத்த உத்தரம். பொறுமையாக, ஒன்றையும் விடாமல்.

பதினொன்று. பன்னிரண்டு. தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதமாக அந்த ஓர் இடத்தை மட்டும் சுற்றிப்போய்தான் நடந்திருக்கிறார். இன்று ஜன்னல் வெளிச்சத்துக்காக மேஜையையும் நாற்காலியையும் இழுத்துப் போட்டது எங்கே என்று இப்போதுதான் உறைத்தது. பதினேழுக்கு நேர் கீழே.

பதினைந்து. பதினாறு.

நின்றது.

மழைச் சத்தம் மட்டும். சொல்லிவிடலாம், அந்த வரியை அடித்துவிடலாம், ஒரு கோடு போதும். பேனா அந்த வரி மேல் நின்றது. அவர் பக்கத்தைத் திருப்பி, கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

தலைக்கு நேர் மேலே மூன்று தட்டு.

டங்.

நல்ல மரம். புது மரம். சத்தம் அவரைத் தாண்டிப் போனது. பதினெட்டு. பத்தொன்பது. எல்லாமே டங். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. முடிந்தது. அவ்வளவுதான். அய்யாதுரைக்கு அழுகையே வந்துவிட்டது.

"எழுதிட்டீங்களா சார்?"

வாசலில் குல்சும். முந்தானை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எழுதியாச்சும்மா" என்றார். பாஷாவுக்குச் சொன்ன அதே குரலில். பிறகு எழுந்தார்.

"அசையாதீங்க சார்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை.

"ஏம்மா?"

"அவருதான் சொல்றாரு. இன்னும் ஒண்ணு பாக்கி கீதாம்."

உச்சந்தலையில் ஒரு தட்டு. மெதுவாக. வலியே இல்லை.

பொத்.

இரண்டாவது.

பொத்.

குல்சும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள்.

மூன்றாவது தட்டில் அவர் காதிலிருந்து ஏதோ உதிர்ந்தது. பொடி. பழுப்புப் பொடி. உளுத்த மரத்தூள். தோளில் விழுந்தது. மேஜையில் விழுந்தது. ஈரம் காயாத கையெழுத்தின் மேல், நிற்காமல், கொட்டிக்கொண்டேயிருந்தது.